தொண்ணூறு நாள் கடி

எருக்கம்பாடியில் இரண்டே கால் வருடத்தில் ஒன்பது பேரைப் பாம்பு கடித்திருந்தது. ஒருவர்கூடச் சாகவில்லை. இளம்பரிதிக்கு அதுதான் இடித்தது.

அவர்கள் பிழைத்ததில் அவனுக்கு மனக்குறை ஒன்றும் கிடையாது. ஆனால் பாம்புக்கடி ஒழுங்கில்லாத சங்கதி. மற்ற ஊர்களில் கடிபட்டவர் முள் குத்தியது என்று நினைத்து மிச்ச வேலையை முடித்துவிட்டு வருவார். ஒருவர் மந்திரிக்கப் போவார். ஒருவர் வண்டியில் சார்ஜ் இல்லாமல் பாதி வழியில் நிற்பார். எருக்கம்பாடிக்காரர்கள் ஒன்பது பேரும் கடிபட்ட இருபதாவது நிமிடத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக் கட்டிலில் இருந்தார்கள்.

இளம்பரிதி மாவட்டப் பாம்புக்கடி முன்னறிவிப்பு மையத்தில் ஆய்வாளன். வானிலை படித்தவன். வயது முப்பத்திரண்டு. மழை, ஈரப்பதம், இரவு வெப்பம், மண்ணின் சூடு, எந்த வயல் அறுவடையாகி எலி பெருத்திருக்கிறது என்ற தகவல், இவற்றையெல்லாம் சேர்த்து எந்த ஊரில் எந்த மணிக்குப் பாம்பு வெளியே வரும் என்று சொல்வது அவன் வேலை. சிவப்பு, மஞ்சள், பச்சை. பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கும். அதில் அவனுக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

இரவிலும் வெப்பம் இருபத்தொன்பது டிகிரிக்குக் கீழே இறங்காத வருடங்கள் வந்த பிறகு பாம்புகள் பகலை அறவே கைவிட்டிருந்தன. மார்கழியில்கூட அடங்குவதில்லை. மனிதர்களும் இரவுக்கு மாறியிருந்தார்கள், வேறு காரணத்துக்காக. பகல் மின்சாரம் முழுவதையும் நகரங்களின் ஏசி குடித்தது. கழனி மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரம் இரவில்தான் வந்தது. மோட்டாரைச் செல்போனில் போட்டுவிடலாம். மடையைச் செல்போனில் திருப்ப முடியாது. யாராவது மண்வெட்டியோடு போக வேண்டும். அந்த யாராவதைத்தான் பாம்பு கடித்தது.

மாவட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஊர்கள். அவற்றில் நாற்பதுக்கு மட்டும் பகலில் மின்சாரம் தர முடியும். எந்த நாற்பது என்பதை மையம் புதன்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு அறிவிக்கும். சிவப்பு அதிகமுள்ள ஊர் முதலில். கடந்த தொண்ணூறு நாளில் கடி பதிவான ஊர் ஏதாவது இருந்தால், அது எல்லாவற்றுக்கும் முன்னால்.

கடைசியாகச் சொன்ன அந்த விதியை எழுதியவன் இளம்பரிதி.

கடியில் உறுப்பை இழந்தால் மையத்திலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்த்துச் சான்று தர வேண்டும். எருக்கம்பாடியின் ஒன்பதாவது ஆளுக்குக் கால் விரல்கள் இரண்டு போயிருந்தன. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். இளம்பரிதி தானே கிளம்பினான். அன்று புதன்கிழமை. மறுநாள் பருவத்தின் முதல் மழை என்று அவனே அறிவித்திருந்தான்.

தினகரனின் வீடு முதல் தெருவில் இருந்தது. தகரப் பந்தலின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தான். டிராக்டர் ஓட்டுபவன். நாற்பது வயதுக்குப் பார்க்கக் கெட்டியான உடம்பு.

"வாங்க சார். விரல எண்ணிப் பாக்க வந்தீங்களா? எட்டுதான். நானே எண்ணிட்டேன்."

இளம்பரிதி சிரிக்கவில்லை. டேப் கணினியைத் திறந்து எதிரே உட்கார்ந்தான்.

"எங்க கடிச்சுது?"

"கால்ல. பாம்பு இன்னா, ஏணி வச்சா ஏறும்?"

"எந்த இடத்துலன்னு கேக்கறேன்."

"மோட்டார் கொட்டாகிட்ட. வரப்புல."

"எத்தன மணிக்கு?"

"மூணு, மூணேகாலு இருக்கும்."

பதிவிலும் அதுவே இருந்தது. அன்றைக்கு அந்த மணிக்கு எருக்கம்பாடியின் வரப்பு மண் ஐம்பத்து நான்கு டிகிரி. விரியன் அதில் இறங்கினால் பத்து முழம் போவதற்குள் வெந்து சாகும். இளம்பரிதி மற்ற எட்டுப் பேரின் நேரத்தையும் எடுத்துப் பார்த்தான். வெவ்வேறு மாதம், வெவ்வேறு ஆள். எல்லாம் பிற்பகல் மூன்றுக்கும் மூன்றே காலுக்கும் நடுவில். ஒன்பதும் அவனுடைய வரைபடத்தில் பச்சை மணி.

"கொட்டாயிலேருந்து ஊருக்கு நடக்க எவ்வளவு நேரம்?"

"பத்து பன்னண்டு நிமிசம்."

"ஊர்லேருந்து ஆஸ்பத்திரி பதினெட்டு நிமிஷம். நான் இப்ப அந்த வழியாத்தான் வந்தேன். ரெண்டும் சேத்தா முப்பது. நீங்க இருபதுல போயிருக்கீங்க."

"ஆட்டோ ரெடியா இருந்துச்சு சார்."

"எதுக்கு?"

தினகரன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பாத்திரச் சத்தம் வந்தது, கொஞ்சம் அழுத்தமாகவே. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"கிளச்சு மிதிக்கிற காலு சார் இது" என்றான். "யோசிக்காம இந்தக் காலக் குடுத்துட்டேன். வலதக் குடுத்திருந்தா பிரேக்கு ஒண்ணுதான் போயிருக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அவன் மனைவி வெளியே வந்து வாசற்படியில் நின்றாள்.

"இந்த வாய வெச்சிக்கினு நீ எப்புடித்தான் குடும்பம் பண்ணியோ" என்று அவனிடம் சொன்னாள். பிறகு இளம்பரிதியிடம், "சங்கத்துக் கட்டடம் ஏரிக்கரைப் பக்கம் சார். சர்மிளா அக்காகிட்ட கேளுங்க. இவரக் கேக்காதீங்க. இவரு குடுத்தது போதும்."

பாசனச் சங்கத்தின் கட்டடம் ஒரே ஒரு பெரிய அறை. வாசலில் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார், சாவியும் போட்டபடி இருந்தது. மணி இரண்டு பத்து.

உள்ளே இரண்டு பெண்கள். ஒருத்தி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் சர்மிளா, சங்கத் தலைவி. நாற்பத்தைந்து வயது, கணீரென்ற குரல். தினகரன் போன் பண்ணியிருக்க வேண்டும். இளம்பரிதியைப் பார்த்து அவள் எழவும் இல்லை, பதறவும் இல்லை.

"உக்காருங்க சார். ஒரு வாய் சோறு? வேணாவா? எனக்கு வெறும் வயித்துல ஊசி போட்டா மயக்கம் வரும். அதான் முன்னாடியே சாப்புட்டுக்கறேன்."

மேசை மேல் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் கொலுசு, மெட்டி, மோதிரம். கழற்றிப் போட்டிருந்தாள். கால் வீங்கினால் மெட்டி இறுகிவிடும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். இளம்பரிதிக்கு அது தெரியும். இருந்தாலும் கழற்றிய மெட்டியை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அறையின் மூலைக்குப் பார்வையைத் திருப்பினான். அங்கே ஒரு மண்பானை. வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொருத்தி குந்தியிருந்தாள்.

"இது ராதா" என்றாள் சர்மிளா. "இருளரு. விஷம் எடுக்கற எடத்துல பதினைஞ்சு வருசம் வேல பாத்தவ. அவ இல்லன்னா நாங்க ஒம்போது பேர்ல ஒரு நாலு பேரத் தூக்கிப் போட்டிருப்போம்."

"இன்னிக்கு யாரு?"

"நான்தான். மோட்டாரு வெச்சிருக்கறவங்க பேரெல்லாம் எழுதிக் குலுக்கிப் போடுவோம். தலைவின்னு என் பேர எடுத்துட முடியுமா? அப்புறம் எவன் மதிப்பான்?"

இளம்பரிதி டேப்பை மேசை மேல் வைத்தான். கேட்க வேண்டிய கேள்விகள் அதில் ஒரு பக்கம் நிறைய இருந்தன. கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"சார், மொத வருசம் உங்க ஆபீசுலேருந்து மழையப் பாத்து, வெயிலப் பாத்து கரண்டு குடுத்தீங்க. எங்க ஊரு ஏரிக்குக் கீழ. ஈரம் ஜாஸ்தி. செவப்புலேயே இருந்தோம். பகல்ல கரண்டு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. அப்புறம் இன்னாவோ புதுசா ஒரு ரூல் வந்துச்சு, கடிச்ச ஊருக்குத்தான் மொதல்லன்னு. எங்க ஊர்ல கடி ஏது? பகல்ல தண்ணி கட்டுனா எதுக்குக் கடிக்கும்? கடி இல்லன்னு பகல் கரண்ட நிறுத்திட்டீங்க."

"தெரியும்."

"தெரியாது சார். அந்த மாசமே ரெண்டு பேரு. என் கொழுந்தன் மகேந்திரன் ஒண்ணு. நாலாவது தெரு ஷாலினி ஒண்ணு, கைக்கொழந்தைக்காரி. ரெண்டு பொணம் விழுந்ததும் உடனே குடுத்தீங்க. தொண்ணூறு நாளு. யாரையும் கடிக்கல. திருப்பி நிறுத்திட்டீங்க. திருப்பி ஒருத்தரு. மூணாவது தபா நிறுத்துனப்போ நாங்க உக்காந்து யோசிச்சோம். உங்களுக்குத் தேவ பொணம் இல்ல. கடிதான். அதுவும் ஒண்ணே ஒண்ணு. தொண்ணூறு நாளைக்கு ஒரு தபா."

"அதுக்காக நீங்களே..."

"மத்த ஊரெல்லாம் காத்திருந்து கடி வாங்குது சார். நாங்க தேதி பாத்து வாங்கறோம். டாக்டரு இருக்கற நேரமாப் பாத்து, ஆட்டோவ நிறுத்தி வெச்சு வாங்கறோம். அவ்ளோதான் வித்தியாசம். நானூறு குடும்பம், ஒரு காலு. நீங்களே சொல்லுங்க, இதுல தப்பு எங்க கீது?"

இளம்பரிதிக்குத் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. அது எருக்கம்பாடியில் இல்லை. பகல் மின்சாரம் கிடைத்த ஊரில் கடி நின்றுவிடும். கடி நின்றால் அந்த ஊர் வரிசையில் பின்னால் போகும். அப்போது கடி திரும்ப வரும். தடுக்கப்பட்ட கடியை எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. மூன்று வருடமாக மாவட்டம் முழுவதும் இந்தச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க மையத்தில் பதினாறு பேர் படித்தவர்கள் இருந்தார்கள். கண்டுபிடித்தது ஒரு பாசனச் சங்கம்.

"தினகரனுக்கு ஏன் விரல் போச்சு?" என்று கேட்டான். "முந்தின எட்டுப் பேருக்கும் ரத்தத்துல விஷம் ரொம்பக் குறைச்சலாத்தான் காட்டுச்சு."

அதற்கு ராதா பதில் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அதெல்லாம் சுருட்டை விரியன் சார். மொதல்ல விஷத்த எடுத்துட்டு அப்புறம்தான் கடிக்க வெப்பேன். மிச்சம் மீதி துளிதான் ஏறும். சுருட்டைக்கு காஞ்ச நெலம் வேணும். இந்த வருசம் ராத்திரிப் புழுக்கம் ஏறுனதுலேருந்து அது மேட்டுப் பக்கம் போயிட்டுது. இப்ப இங்க கெடைக்கறது கண்ணாடி விரியன்தான். அதுக்கு எவ்ளோ எடுத்தாலும் உள்ள எவ்ளோ வெச்சிருக்குன்னு சொல்ல முடியாது."

"பானையில?"

"கண்ணாடிதான். பொட்டை. மூணே முக்கா அடி." ராதா பானையின் துணியைச் சரிசெய்தாள். "அக்காகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். கேக்கல. பாம்புக்கே இது புடிக்கல சார், சூட்டுல எர எடுக்காமக் கெடக்குது."

"ஏய், நீ சும்மாரு" என்றாள் சர்மிளா. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "சார், தினகரனோட தொண்ணூறு நாளு இன்னியோட முடியுது. நாலு மணிக்கு லிஸ்டு. நாளைக்கு மழைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. மொத மழை. அதுக்கு அடுத்த ராத்திரி எல்லாம் வெளிய வந்துரும். அன்னிக்கு எங்க ஆளுங்க மண்வெட்டி எடுத்துக்கினு வரப்புல நடக்கணுமா? மூணு மணிக்கு நான் கால நீட்டணும். புடிச்சுக் குடுக்கறதுன்னா நாலு மணிக்கு மேல குடுங்க. இப்ப வழி உடுங்க."

மணி இரண்டு முப்பத்தைந்து.

"அக்கா, வேணாம்."

"அப்ப நீங்க ஒண்ணு பண்ணுங்க. நேத்து கடிச்சதா எழுதிக்குங்க. உங்க கையில தான டேப்பு கீது."

"அப்படி எழுதுனா வேற ஒரு ஊர் கீழ போகும்."

"போவட்டும். அவங்களும் ஒரு பானை வாங்கிக்கட்டும்." சொல்லிவிட்டு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல. அது வேணாம். பாவம்." சற்று யோசித்துக் கேட்டாள்: "நெசமா சொல்லுங்க சார். இந்த மாவட்டத்துல கடி இல்லாம பகல் கரண்டு வாங்கற ஊரு எதுனா இருக்குதா?"

இளம்பரிதி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்துகொள்ள வழி கிடையாது.

"ஒண்ணு இருக்கு. ஓடத்தாங்கல்."

"எப்புடி?"

"நான் தேதிய மாத்தறேன்."

ராதா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி அங்க ஒரு கடி" என்றான். முன்னறிவிப்பு வாசிக்கும் குரலிலேயே சொன்னான். "யாழினி. வயசு இருபத்தேழு. அப்பாவுக்குக் காய்ச்சல்னு ஊருக்குப் போயிருந்தா. அவருக்குப் பதிலா மடை திருப்பப் போனா. அந்த வாரம் ஓடத்தாங்கல் லிஸ்ட்ல நாப்பத்து நாலாவது இடம். நாலு இட வித்தியாசத்துல பகல் மின்சாரம் தவறிப்போச்சு. வரிசை போட்டது நான்தான். வானிலை மட்டும் பாத்துப் போட்டா இப்படித்தான் ஆகும்னு நெனச்சேன். கடிச்ச ஊருக்கு முதல்லன்னு அதுக்கப்புறம்தான் எழுதினேன். பதிவுல முதல் கடி அவளோடது. தொண்ணூறு நாள் முடியப் போறப்பல்லாம் தேதிய முன்னால தள்ளி வெச்சிடுவேன். பதிமூணு தடவ."

"அவங்க உங்களுக்கு..."

"என் வொய்ஃப்."

சர்மிளா டம்ளரை எடுத்து மேசையின் ஓரத்துக்கு, அவன் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தினாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"அடப்பாவி மனுசா. தேதிய மாத்துனா போதும்னு ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே எங்ககிட்டச் சொல்லக் கூடாதா? தினகரன் அந்த ரெண்டு விரலோட இருந்திருப்பானே."

அந்த வார்த்தை அவனுக்கு உறைக்கட்டும் என்றே சொன்னாள். உறைத்தது. மூன்று வருடத்தில் எதுவும் அவ்வளவு உள்ளே போனதில்லை.

அவன் டேப்பைத் தன் பக்கம் இழுத்தான்.

"பழைய முறையில ஓட்டறேன். வானிலை மட்டும். கடிக்கு இடமே கிடையாது."

"அப்புடி ஓட்டுனா எங்க ஊரு வருமா?"

"வரும்."

"எத்தினியாவது?"

"இப்ப சொல்ல முடியாது. கடைசி ஈரப்பதம் மூணரைக்குத்தான் வரும். அது வராம வரிசை ஓடாது."

"டாக்டரு நாலு மணிக்குக் கெளம்பிருவாரு. மூணேகாலத் தாண்டுனா நான் கடி வாங்கியும் பிரயோசனமில்ல, லிஸ்டுல ஏறாது. நீங்க சொல்றத நம்பி நான் கால மடக்கிக்கணும். அப்புறம் எங்க ஊரு இல்லன்னு வந்தா?"

"வரும்னு சொல்றேன். ஏரிக்குக் கீழ, கரிசல் கலந்த மண்ணு, கடலை அறுத்து ரெண்டு வாரம். நாளைக்கு மழை. இந்த மாவட்டத்துல உங்க ஊர விட சிவப்பா இருபது ஊர் கூடத் தேறாது. இது எனக்குத் தெரிஞ்ச வேலை அக்கா. இதுல நான் தப்பு பண்ணினதில்ல. கடிய உள்ள சேத்ததுதான் தப்பு."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். மூன்று அடிக்கும் மேல் நீளமுள்ள ஒன்றிடம் காலைக் கொடுக்கத் தயாரான ஒருத்தி, ஒரு அரசாங்க ஆளின் வார்த்தையை எடைபோட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

"ராதா" என்றாள் கடைசியில். "அந்தப் பானைய எடுத்துக்கினு போயி மேட்டுக்காட்டுல உட்டுட்டு வா. இருட்டுறதுக்குள்ள நெழலு பாத்து உடு."

ராதா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாராவது மனம் மாறிவிடப் போகிறார்கள் என்பதுபோல வேகமாக வெளியே போனாள்.

இயக்குநர் தர்ஷினி மேடத்தை இளம்பரிதி மூன்று மணிக்கு அழைத்தான். நடந்ததைச் சொன்னான். எருக்கம்பாடியைப் பற்றிச் சொன்ன பிறகு ஓடத்தாங்கலைப் பற்றியும் சொன்னான்.

"பரிதி, நீங்க என்ன சொல்றீங்கன்னு உங்களுக்குப் புரியுதா? பதிமூணு தடவை அரசாங்கப் பதிவைத் திருத்தியிருக்கீங்க."

"புரியுது மேடம். எழுதியே தரேன்."

"இந்த விதிய மத்த ஏழு மாவட்டம் காப்பி அடிச்சிருக்கு. ‘பாதிக்கப்பட்ட ஊருக்கு முன்னுரிமை’ன்னு பாராட்டு வாங்கியிருக்கோம். இப்ப அதுவே தப்புன்னு மேல என்ன சொல்றது?"

"கடி வாங்கினாத்தான் காப்பாத்துவோம்னு ஊருக்குச் சொல்லிக் கொடுத்துட்டோம்னு சொல்லுங்க. எழுதினவன் பேரையும் சொல்லுங்க."

"உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்."

"எடுங்க. இந்த வாரப் பட்டியல மட்டும் பழைய முறையில ஓட்ட அனுமதி கொடுங்க. நாளைக்கு மழை."

மறுமுனையில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்தம்மா கடி வாங்கிட்டாங்களா?"

"இல்ல. என் பேச்ச நம்பி உக்காந்திருக்காங்க."

"ஓட்டுங்க" என்றார் தர்ஷினி. "எருக்கம்பாடி ஒன்பது பேர் விஷயத்தை நான் இன்னும் கேள்விப்படல. வேற ஏதாவது இருந்தா நாளைக்குப் பேசுவோம்."

மூன்று முப்பத்தொன்றுக்கு ஈரப்பதம் வந்தது. இளம்பரிதி ஓட்டினான். ஏழு நிமிடம். சர்மிளா மேசையின் அந்தப் பக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, போலாமா வேணாமா? சீட்டு சுடுது" என்றார். "நீ எறங்கி நெழல்ல நில்லுடா" என்றாள்.

பட்டியல் மேலிருந்து கீழாக விழுந்தது. எருக்கம்பாடி பதினேழு.

இளம்பரிதி டேப்பைத் திருப்பிக் காட்டினான். சர்மிளா விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தாள். பதினேழில் விரல் நின்றது. பிறகு டம்ளரைக் கவிழ்த்து, மெட்டியை எடுத்து, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போட்டுக்கொண்டாள்.

"அடுத்த வாரம்?" என்று கேட்டாள், திரும்பாமலே.

"மண்ணு காஞ்சா இறங்கும். ஈரமானா ஏறும். நீங்க என்ன பண்ணினாலும் அது மாறாது."

"அதுதான் வேணும். எறங்குற வாரம் ராத்திரி எப்புடிப் போவணும்னு நாங்க பாத்துக்கறோம். லைட்டு, பூட்ஸு, ரெண்டு ரெண்டு பேரா. ஆனா ஒருத்தன் காலயும் குடுக்க மாட்டோம்." கொலுசின் திருகாணியை முடுக்கிக்கொண்டே கேட்டாள்: "உங்க ஊரு?"

அவன் அதை முன்பே பார்த்திருந்தான். ஓடத்தாங்கல் மேட்டு நிலம். செம்மண், தண்ணீர் நிற்காது. வானிலை அதற்கு மறுபடியும் தன் பழைய பதிலையே சொன்னது.

"நாப்பத்தாறு."

சர்மிளா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் நாற்பதைத் தாண்டினால் என்ன என்று தெரியும்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு இளம்பரிதி பதிவேட்டைத் திறந்தான். முதல் வரி. யாழினி, பெண், 27, ஓடத்தாங்கல். தேதி இரண்டு வாரத்துக்கு முந்தையது. அதை அழித்துவிட்டு உண்மையான தேதியை அடித்தான். எட்டு எண்கள். மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஒரே தட்டில் பின்னால் போயின. பட்டியலை வெளியிட்டான்.

பிறகு வெளியே வந்து, ஆட்டோ நின்ற இடத்துக்குப் பக்கத்தில் புங்கமர நிழலில் நின்று, மாமனாருக்குப் போன் பண்ணினான். ஏகாம்பரம் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அவர்கள் பேசி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.

"மாப்ளயா? இன்னா, ஒடம்பு நல்லா கீதா?"

"நல்லாருக்கேன் மாமா. நாளையிலேருந்து உங்க ஊருக்கு ராத்திரி கரண்டு."

மறுமுனையில் ஒரு மாடு கத்தியது. அவர் ஏதோ வேலையை நிறுத்தியது தெரிந்தது.

"அவ பேர எடுத்துட்டியா?"

இளம்பரிதி இதை எதிர்பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க ஊர்ல ஒருத்தரையும் கடிக்கல, எப்பவும் பகல்லதான் கரண்டு. எனக்கென்ன கூட்டத் தெரியாதா? ஊர்ல எல்லாருக்கும் தெரியும். டீக்கடையில சொல்லுவாங்கோ, ‘உம் பொண்ணு புண்ணியத்துல தண்ணி பாயுது’ன்னு. நல்லதுக்குத்தான் சொல்றாங்கோ. நான் டீ குடிக்கறதயே உட்டுட்டேன்."

"எடுத்துட்டேன் மாமா. பழைய தேதிய போட்டுட்டேன்."

"சரி" என்றார். மறுபடியும், "சரி" என்றார். "போனவ போனதா இருக்கட்டும்."

மேற்கே மலைக்குப் பின்னால் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. அவன் சொன்ன நேரத்தைவிட அரை நாள் முன்னதாக வரும் போலிருந்தது.

"ராத்திரி மடை யாரு திருப்புவா?" என்று கேட்டான்.

"நான்தான். வேற யாரு கீறா இங்க?"

"நான் வரேன். இங்கேருந்து அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்கு. வழியில பூட்ஸ் ரெண்டு ஜோடி வாங்கிட்டு வரேன். முட்டி வரைக்கும் வர்றது. நான் முன்னால நடக்கறேன், நீங்க பின்னால வாங்க."

"உனக்கு லீவு குடுப்பாங்களா?"

"இனிமே நிறைய குடுப்பாங்க."

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். மூன்று வருடமாக ஒருவரையொருவர் எதுவும் கேட்டுக்கொள்ளாத இரண்டு ஆண்கள். முதலில் கேட்க வேண்டியது எது என்று அவர் தேடியிருக்க வேண்டும்.

"எனக்கு எட்டாம் நம்பரு" என்றார். "பெருசா வாங்கிக்கினு வந்துடாத. சேத்துல கழண்டுக்கும்."